கச்சத் தீவும் கடல் பாத்தியதையும்

சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் தேசப்படத்தை விரித்துக் கச்சத் தீவைத் தேடும் நேயர்கள் சற்றே சிரமப்பட நேரும். பாக் ஜலசந்தித் தீவுகளில் இராமேசுவரம் நம்முடையது. நெடுந்தீவும் நயினாதீவும் இலங்கையைச் சேர்ந்தவை. இராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையே எள்ளளவாய்த் தோன்றும் புள்ளியே கச்சத் தீவு. பரப்பு சுமார் 285 ஏக்கர். குடும்பம் நடத்தும் குடிகள் இல்லை. குடிக்க நல்ல நீரும் இல்லை. அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. அதன் திருவிழாவுக்கு இரு கரைத் தமிழரும் படகேறி வந்து, ஒரே பாஷையில் பிரார்த்தித்துத் திரும்புகிறார்கள்.

இவ்வளவு சிறிய மண்ணுக்கா இத்தனை வாதம் என்று கேட்பவர் உண்டு. வாதம் மண்ணைப் பற்றியதன்று; அதைச் சூழ்ந்த நீரைப் பற்றியது.

மதுரை நாயக்கர்களின் ஆதரவில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலையெடுத்தவர்கள் சேதுபதிகள். அவர்கள் வழிவந்த இராமநாதபுரம் ஜமீன் இத்தீவின்மீது பாத்தியதை கொண்டாடி வந்தது. இலங்கையும் தன் பாத்தியதையை விடவில்லை. 1921-இல் சென்னை, இலங்கைப் பிரதிநிதிகள் கொழும்பில் கூடி மீன்பிடி எல்லை வகுத்தபோது, கோடு தீவுக்கு மேற்கே விழுந்தது. ஆனால் அந்த ஏற்பாடு முறைப்படி உறுதி செய்யப்படவில்லை.

1974 ஜூன் மாதத்தில் ஸ்ரீமதி இந்திரா காந்தியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. இந்திய மண்ணை அந்நியருக்குக் கொடுப்பதாயின் அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு 1960-இலேயே கூறியிருந்தது. மத்திய சர்க்காரோ, இது விவாதத்திலிருந்த எல்லையைத் தீர்த்துக்கொண்டதே அன்றித் தானம் அன்று என்றது. சொல் சாமர்த்தியமானதுதான்! தமிழ்நாடு சட்டசபை அந்த ஆகஸ்டிலேயே தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

உடன்படிக்கையின் 5-ஆம் ஷரத்தின்படி, நமது மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே விசா இன்றித் தீவுக்குச் செல்லலாம். இரு நாட்டுப் படகுகளின் பழைய பாத்தியதைகளையும் 6-ஆம் ஷரத்து ஒப்புக்கொண்டது. ஆனால் 1976 மார்ச்சில், மன்னார் வளைகுடா எல்லையை வகுத்த இரண்டாம் உடன்படிக்கையை ஒட்டி இரு சர்க்கார்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கலாகாது என்று அவற்றில் கண்டது. தீவு போனதையே மேடைகளில் பேசுகிறோம். மீனவனின் வலையை அறுத்தவை இக்கடிதங்களே என்பது நம் கருத்து.

இங்கே நம் குறையையும் ஒளிக்கலாகாது. நம் கரையிலிருந்து செல்லும் இழுவைப் படகுகள் கடலடியைச் சுரண்டி, யாழ்ப்பாணத்து ஏழை மீனவரின் வலைகளையும் நாசம் செய்கின்றன. நஷ்டப்படுகிறவர்களும் தமிழர்களே. இலங்கை 2017-இல் இழுவை வலையையே சட்டத்தால் தடுத்துவிட்டது.

தீவை மீட்கக் கோரி நமது சட்டசபை 2025 ஏப்ரலில் மறுபடியும் தீர்மானம் நிறைவேற்றியது. அதனை நாம் ஆதரிக்கிறோம். எனினும் தீவு திரும்பும் வரை மீனவன் அடுப்பு காத்திராது. முதலில் 1976-ஆம் வருஷத்துக் கடிதங்களைப் பிரித்துப் பேசட்டும். அப்பேச்சில் இரு கரை மீனவருக்கும் ஆசனம் இருக்கட்டும்.