சகாராவில் மீன் பிடித்த மனுஷன்... பிகானேர் பக்கம் நிறைந்த ஏரி! ஆதிகாலத்து மழைக் கணக்கு

சகாரா பாலைவனத்தில் முதலை கிடந்தது, நீர்யானை குளித்தது, மனுஷன் தூண்டில் போட்டான் என்றால் நம்ப முடிகிறதா? அத்தனையும் நிஜம். அதே காலத்தில் தென் அமெரிக்காவில் ஒரு பெரிய ஏரி வற்றிக்கொண்டிருந்தது என்பதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம்.

சின்னக்கல்லாறில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது தூத்துக்குடியில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரே மாநிலம்தான், ஆனால் ஆளுக்கொரு வானம். உலகம் பூராவும் இதே கதைதான். ஆதிகாலத்திலும் இப்படித்தான் இருந்தது. என்ன ஒன்று, எங்கே மழை, எங்கே வறட்சி என்ற வரைபடம் மட்டும் தலைகீழாகக் கிடந்தது.

பனி மூடிய காலம்

சுமார் 20 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு பூமியில் பனியுகம் உச்சத்தில் இருந்தது. கனடாவையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனி மூடிக் கிடந்தது. அவ்வளவு தண்ணீரும் பனியாக உறைந்துவிட்டதால் கடல் மட்டம் இப்போது இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே இறங்கிவிட்டது. ராமேசுவரத்தில் இருந்து இலங்கைக்கு படகே தேவையில்லை. நடந்தே போய்விடலாம்.

பனி என்றதும் எல்லா ஊரும் ஈரமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. கடல் குளிர்ந்தால் ஆவி குறையும். ஆவி குறைந்தால் மழை குறையும். அதனால் உலகத்தின் பெரும்பகுதி அப்போது காய்ந்து கிடந்தது. ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய ஏரியான விக்டோரியா ஏரி, தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல் பரப்பு கொண்டது. அந்த ஏரியே அடிவரை வற்றி, சுமார் 17 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வெறும் தரையானது.

ஆனால் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் நடந்தது வேறு. இன்றைக்கு அங்கே உப்புப் பாலைவனம்தான் இருக்கிறது. அன்றைக்கு அங்கே 'போன்வில்' என்ற ஏரி, சுமார் 50 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில், 300 மீட்டர் ஆழத்தில் தளும்பிக்கொண்டு இருந்தது. வடக்கே இருந்த பனி மலை, மழை கொண்டு வரும் புயல்களை தெற்குப் பக்கமாகத் தள்ளிவிட்டதுதான் முக்கிய காரணம். ஒரு ஊருக்குப் போக வேண்டிய மழை இன்னொரு ஊருக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

ஊட்டி சேறு சொன்ன ரகசியம்

நம்ம ஊட்டியிலும் இதற்கு சாட்சி இருக்கிறது. நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் செடி செத்தைகள் மக்கி, கறுப்புச் சேறாக அடுக்கு அடுக்காகப் படிந்து கிடக்கிறது. சாண்டிநல்லா போன்ற இடங்களில் இந்தச் சேற்றை எடுத்து சோதித்த இந்திய விஞ்ஞானிகள் 1993-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஈரத்தில் வளரும் செடிக்கும், வறட்சியைத் தாங்கும் புல்லுக்கும் உடம்பில் உள்ள கார்பன் ஒரே மாதிரி இருக்காது. எந்த அடுக்கில் எந்த கார்பன் அதிகம் என்று பார்த்தால் போதும், அந்தக் காலத்தில் மழையா, வறட்சியா என்று தெரிந்துவிடும். பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்டு இருந்தது. பனியுகம் முடிகிற சமயத்தில் ஈரம் திரும்பியது. மறுபடியும் சுமார் 6 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு தொடங்கி ஒரு நீண்ட வறட்சி வந்தது.

சகாரா பச்சை கட்டியது

சுமார் 11 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு காட்சி மாறியது. சகாராவில் மழை பிடித்துக்கொண்டது. புல் முளைத்தது. ஆறு ஓடியது. இன்றைக்கு சுருங்கிக் கிடக்கும் சாட் ஏரி, அன்றைக்கு சுமார் மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்தது. அடேங்கப்பா! தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு.

அல்ஜீரியாவின் தாசிலி மலைப் பாறைகளில் மாடு, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஓவியமாக இருக்கிறது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் 1933-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குகையில், மனிதர்கள் நீச்சல் அடிப்பது போல வரைந்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் மணலைத் தவிர ஒன்றும் இல்லாத இடம் அது.

நைஜர் நாட்டில் கோபெரோ என்று ஒரு இடம். டைனோசர் எலும்பு தேடிப் போன பால் செரெனோ குழுவினருக்கு 2000-ம் ஆண்டில் அங்கே மனித எலும்புகள் தட்டுப்பட்டன. தோண்டினால் சுமார் 200 கல்லறைகள்! ஒரு ஏரிக்கரையில் வாழ்ந்த ஜனங்களின் சுடுகாடு அது. எலும்பில் செய்த தூண்டில், ஈட்டி முனை, பெரிய பெரிய மீன் முள், நீர்யானை எலும்பு எல்லாம் கிடைத்தன. முதலில் இருந்தவர்களில் ஆண்கள் பலர் 6 அடிக்கு மேல் உயரம்.

சுமார் 8 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு மழை பொய்த்தது. ஏரி வற்றியது. ஊரும் காலியானது. ஏறக்குறைய ஆயிரம் வருடம் கழித்து தண்ணீர் திரும்பிய பிறகு வேறு ஜனங்கள் வந்து குடியேறினார்கள்.

அவர்களின் கல்லறை ஒன்றைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரு பெண், எதிரே இரண்டு சின்னக் குழந்தைகள். மூன்று பேரின் கைகளும் கோத்தபடி இருந்தன. அடியில் பூவின் மகரந்தம் கிடைத்தது. பூ பரப்பித்தான் படுக்க வைத்திருக்கிறார்கள். இது நடந்தது சுமார் 5,300 வருடங்களுக்கு முன்பு. அதற்குப் பிறகு சில நூறு வருடங்களில் அந்த ஊரே மணலுக்குப் போய்விட்டது. சகாரா காயக் காய, ஜனங்கள் தண்ணீர் இருந்த நைல் நதிப் பக்கம் நெருங்கினார்கள்.

காரணம் என்ன?

பூமி சுற்றும்போது பம்பரம் போல லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றுகிறது. இதோடு சூரியனைச் சுற்றும் பாதையும் மெல்லத் திரும்புகிறது. இந்த ஆட்டம் ஒரு சுற்று முடிய 20 ஆயிரம் வருடங்களுக்கு மேல் ஆகும். இன்றைக்கு பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி மாதத்தில். சுமார் 11 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அது ஜூலை வாக்கில் நடந்தது.

அதனால் வடக்குப் பாதியில் கோடை வெயில் இப்போதைவிட ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம். நிலம் சூடானால் காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்ப கடலில் இருந்து ஈரக்காற்று ஓடி வரும். பருவமழை என்பதே இதுதான். அந்த மழை சகாரா வரை ஏறியது.

தெற்குப் பாதியில் கணக்கு நேர் எதிர். அங்கே கோடை வெயில் பலம் இழந்தது. மழையும் குறைந்தது. பெரு - பொலிவியா எல்லையில் உள்ள டிட்டிகாகா ஏரி, 6 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வாக்கில் இப்போதைய மட்டத்தைவிட 80 மீட்டருக்கு மேல் இறங்கிக் கிடந்தது. வடக்கே ஏறின தராசுத் தட்டு, தெற்கே இறங்கியது!

ராஜஸ்தானில் நடந்தது

இந்தியாவின் தார் பாலைவனத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் அடித்தது. பிகானேர் பக்கம் உள்ள லூங்கரன்சர் இன்று வெறும் உப்புத்தரை. சுமார் 7 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அங்கே ஏரி நிறைந்து இருந்தது. சுமார் 5,500 வருடங்களுக்கு முன்பு வற்றிவிட்டது.

இதில்தான் ஒரு முடிச்சு. ஹரப்பா, மொகஞ்சதாரோ நகரங்கள் ஓகோ என்று வாழ்ந்த காலம் தொடங்குவது சுமார் 4,600 வருடங்களுக்கு முன்பு. அதாவது ஏரி காய்ந்து பல நூறு வருடம் கழித்து! பக்கத்தில் ஏரி காய்ந்தாலும், ஆற்றுத் தண்ணீரை நம்பி அந்த ஜனங்கள் தாக்குப்பிடித்து இருக்கிறார்கள். பிறகு சுமார் 4,200 வருடங்களுக்கு முன்பு இன்னொரு பெரிய வறட்சி. இதற்கு சாட்சி மேகாலயாவின் மவ்ம்லூ குகையில், சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூணில் கிடைத்தது. அதை வைத்துத்தான் 2018-ல் சர்வதேச புவியியல் அமைப்பு, இன்றைய காலகட்டத்துக்கே 'மேகாலயன் யுகம்' என்று பெயர் வைத்தது.

அந்த மழையை இன்றும் குடிக்கிறார்கள்

ஆதிகாலத்தில் சகாராவில் பெய்த மழை எல்லாம் ஆவியாகிப் போகவில்லை. கொஞ்சம் பூமிக்குள் இறங்கி, பாறை இடுக்கில் அப்படியே தங்கிவிட்டது. 1984-ல் லிபியா நாடு, பாலைவனத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குப் பெரிய குழாய்கள் பதித்து, அந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டு வரும் வேலையில் இறங்கியது. 1996-ல் தலைநகர் திரிபோலிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது.

அங்கே குழாயைத் திறந்தால் கொட்டுவது பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பு பெய்த மழை. மேலே இன்று மழை இல்லாததால், எடுக்கிற தண்ணீர் திரும்ப ஊறுவது இல்லை என்றே சொல்லலாம். எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு அது. பூமி மறுபடி தலையாட்டி, சகாராவுக்கு மழையைக் கொண்டு வர இன்னும் பல ஆயிரம் வருடங்கள் ஆகும்.