கடல் கடந்த கடிதங்கள்

மோர்ஸ் என்றதும் புள்ளியும் கோடும் கொண்ட தந்திக் குறியீடுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் சாமுவேல் மோர்ஸ் முதலில் ஓர் ஓவியர் என்பதைப் பலர் அறியார். இளமையில் அவர் பெற்றோருக்கு எழுதிய கடிதங்கள் அந்த ஓவியரை நமக்குக் காட்டுகின்றன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1791-ஆம் ஆண்டு பிறந்த மோர்ஸ், 1811-இல் ஓவியக் கலை பயில இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவருடைய ஆசான் வாஷிங்டன் ஆல்ஸ்டனும் உடன் சென்றார். ஆல்ஸ்டன் ஓவியர் மட்டுமல்லர், கவிஞரும் ஆவார். அவரது கவிதை நூல் 1813-இல் இலண்டனில் வெளிவந்தது.

இங்கிலாந்து சேர்ந்ததும் மோர்ஸ் வீட்டுக்கு எழுதினார். தாம் நலமாக வந்து சேர்ந்ததை ஒரு நொடியில் தெரிவிக்க இயலவில்லையே என்று அக்கடிதத்தில் ஏங்கினார். இடையே இருந்ததோ மூவாயிரம் மைல் தொலைவு! பாய்மரக் கப்பலில் கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1812-இல் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. அதைப் பற்றித் தந்தையின் கருத்தோடு தாம் மாறுபடுவதையும் மோர்ஸ் ஒளிக்காமல் எழுதினார். 1813-இல் அவர் செய்த ஹெர்குலிஸ் களிமண் உருவத்திற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1815-இல் தாயகம் திரும்பினார்.

1825 பிப்ரவரியில் அவர் வாஷிங்டன் நகரில் ஓவியப் பணியில் இருந்தபோது, நியூ ஹேவனில் அவர் மனைவி திடீரென இறந்தார். தந்தையின் கடிதம் கண்டு விரைந்த மோர்ஸ் வீடு சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது.

அத்துயரமே தந்திக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1832-இல் கப்பற் பயணத்தில் மின்காந்தம் பற்றிக் கேட்ட உரையாடலே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. ஆயினும் செய்தி தாமதித்து வருவதன் வலியை அவர் நன்கு அறிந்திருந்தார். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அவர் அனுப்பிய தந்திச் செய்தி ஒரு விவிலிய வசனமாகும்.

பிற்காலத்தில் அந்தப் பழைய கடிதம் அவர் கைக்கே வந்தது. அன்றே தந்திக்காக ஏங்கியிருக்கிறேன் என்னும் பொருள்பட அதன் வெளிப்புறத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அவருடைய கடிதங்களை 1914-இல் அவர் மகன் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

தோழியரே, இன்று செய்தி நொடியில் செல்கிறது. நொடியில் மறந்தும் போகிறது. மோர்ஸின் கடிதங்களோ இருநூறு ஆண்டுகள் கடந்தும் பேசுகின்றன. நாமும் பெற்றோருக்கு அவ்வப்போது ஒரு கடிதம் கைப்பட எழுதுவோமா?