கீழே இறங்கிய குழு

காற்பந்தையே தொழிலாகக் கொண்டு சம்பளம் பெறும் பெண்கள் இங்கிலாந்தில் உண்டு. ரெடிங் நகரப் பெண்கள் குழு, 2016 முதல் அந்நாட்டின் முதல் பிரிவில் ஆடி வந்தது.

2022-23இல் அப்பிரிவில் 12 குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள் இருந்தன. வென்றால் 3 புள்ளி, சமநிலை கண்டால் 1. கடைசியில் நிற்கும் குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியிருந்தது. 2022-23 பருவத்தில் ரெடிங் பெற்றவை 11 புள்ளிகளே. 2023 மே 27இல் சொந்தத் திடலில் செல்சி குழுவிடம் 3-0 எனத் தோற்றது. அன்று செல்சி வெற்றிக் கிண்ணம் ஏந்தியது, ரெடிங் இறங்கியது.

துன்பம் அதோடு நிற்கவில்லை. முழுநேர வேலை பகுதிநேரமாயிற்று. அப்படியிருந்தும் அடுத்த பருவத்தில் அப்பெண்கள் இரண்டாம் பிரிவில் தங்கள் இடத்தை ஆடிக் காத்துக்கொண்டனர். ஆனால், வேண்டிய பணத்தை நிர்வாகத்தால் ஒதுக்க இயலவில்லை. 2024இல் குழு அப்பிரிவை விட்டு விலகி, ஐந்தாம் பிரிவுக்குப் போயிற்று. திடலில் காத்த இடம் கணக்கேட்டில் பறிபோனது.

பால் நன்றாக இறங்கினாலும் தோட்டத்துக் கணக்கு சரியில்லையென்றால் வேலை நிலைக்காது. இது நாம் அறிந்ததே. விளையாட்டுத் தொழிலும் அப்படித்தான். பெற்றோர்களே, உங்கள் மகள் பந்தாட விரும்பினால் தடுக்காதீர்கள். படிப்பையும் கைத்தொழிலையும் அவள் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.