அடிக்கடி மூர்ச்சை போடும் 'வைபை' பெட்டி!

மகளுக்கு கம்ப்யூட்டரில் பரீட்சை. பாதியில் இணைப்பு அறுந்தது! வீடே அலறியது. நல்லவேளை, அப்பா தன் செல்போனில் 'ஹாட்ஸ்பாட்' போட்டார். பரீட்சை தப்பியது.

உங்கள் வீட்டிலும் இதே கதையா? கம்பெனிக்காரரைத் திட்டுமுன் பெட்டியைப் பாருங்கள்.

விளக்கு சொல்லும் சேதி

'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழையில் கோளாறு. கம்பெனிக்குத்தான் சொல்ல வேண்டும். எல்லா விளக்கும் அணைந்து மறுபடி எரிகிறதா? பெட்டியே அணைந்து எழுகிறது.

தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? டி.வி.க்குப் பின்னால் சொருகி, மேலே பூத்துணியும் போர்த்தினால் உஷ்ணம் எப்படிப் போகும்? காற்றுப் படும்படி வையுங்கள்.

அப்புறமும் அணைகிறதா? அடாப்டரைச் சந்தேகியுங்கள். பழசானால் அது போதிய மின்சாரம் தராது. விளக்கு எரியும், வேலை கூடினால் பெட்டி மயங்கும். மேலே சொன்ன வீட்டிலும் குற்றவாளி அதுதான்! புதியது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். வோல்ட் மாறக்கூடாது. ஆம்பியர் குறையக்கூடாது. முனையும் பொருந்த வேண்டும்.

பின்புறம் 'ரீசெட்' என்று சிறு துளை இருக்கும். அவசரப்பட்டு ஊசியால் குத்தாதீர்கள்! பதிந்து வைத்த விவரமெல்லாம் அழிந்துவிடும். பிறகு கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.