அடிக்காதீங்க அப்பா, அது தாளம்!

வீட்டில் இசை ஆர்வத்தை எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

என் தம்பி நாலாவது படிக்கிறான். எது கிடைத்தாலும் தட்டுவான். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி தண்ணிக் குடத்தைத் தட்டிக்கொண்டு இருந்தான். "இப்படித் தட்டிக்கிட்டே இருந்தா படிப்பு எப்படிடா ஏறும்?" என்று அப்பா முதுகில் ஒன்று வைத்துவிட்டார். அதோடு அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஏனென்றால் நானும் அஞ்சாவது வரைக்கும் பாடிக்கிட்டு இருந்தவள்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்தவங்க கேட்டுச் சிரித்தார்கள். அன்றோடு பாட்டை விட்டுவிட்டேன்.

குடம் தட்டுவது குறும்பு இல்லை. கச்சேரியில் வாசிக்கும் கடமும் மண்பானைதானே! நம் சிவகங்கை மாவட்டம் மானாமதுரையில் செய்யும் கடம் பேர் பெற்றது. கழுத்து, வயிறு என்று தட்டும் இடத்தைப் பொறுத்து ஓசை மாறும்.

இளையராஜா 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். 14 வயது என்றால் நம்ம வகுப்பு வயசுதான்! அவருக்கு மேடை தந்தது வீட்டில் இருந்த அண்ணன்தான்.

காசு செலவில்லாமல் வீட்டில் செய்யக்கூடியவை:

1. ஆதி தாளம்: தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். நாலு ஆச்சு. அப்புறம் தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. மொத்தம் எட்டு. தம்பிக்கு எட்டாம் வாய்ப்பாடு வரவே வராது. "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு" என்று தாளம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

2. ஜலதரங்கம்: நாலு கண்ணாடி டம்ளரில் வேறு வேறு அளவு தண்ணீர் ஊற்றி, கரண்டியால் மெதுவாகத் தட்டுங்கள். தண்ணீர் கூடினால் டம்ளர் மெதுவாக அதிரும். அதனால் சத்தம் கனமாக வரும். குறைந்தால் மெல்லிசாக வரும்.

3. அப்பத்தாவின் தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டை நோட்டில் எழுதி வையுங்கள். எங்க அப்பத்தா பாடுவது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

4. சின்னப் பிள்ளைகள் தப்பாகப் பாடினாலும் சிரிக்கக் கூடாது. இதுதான் முக்கியம்.

போன வாரம் தம்பி குடத்தைத் தட்டி எட்டாம் வாய்ப்பாடு முழுவதும் ஒப்பித்தான். அப்பா வாசலில் நின்று கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பழைய மண்பானையைக் கொண்டுவந்து, "குடம் நெளிஞ்சிரும்டா, இதுல தட்டு" என்றார்.

தம்பி மறுபடி தட்ட ஆரம்பித்துவிட்டான். நான்தான் இன்னும் பாடவில்லை. அடுத்த இலக்கிய மன்றக் கூட்டத்தில் அப்பத்தாவின் தாலாட்டைப் பாடலாம் என்று இருக்கிறேன். தயவுசெய்து யாரும் சிரிக்காதீங்க.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி