அழிக்கச் சொன்ன படம் பிழைத்தது. காக்க வேண்டியவை போயின!

புது தில்லி: மாடிப்படிச் சுவரில், கூரிய நகங்களுடன் ஒரு நிழல் மெல்ல ஏறுகிறது. திரையருகே அமர்ந்துள்ள கலைஞர்கள் அந்த நிழலைப் பார்த்தபடியே வாசிக்கின்றனர். முர்னாவ் இயக்கி, 1922-இல் ஜெர்மனியில் வெளியான 'நாஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் பேய்ப்படம், நேரடி இசையுடன் இன்றும் உலகின் பல நகரங்களில் திரையிடப்படுகிறது.

படம் பழையது, இசை புதியது. முதல் திரையிடலுக்கு ஹான்ஸ் எர்ட்மன் அமைத்த இசையின் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. எனவே, தலைமுறைதோறும் கலைஞர்கள் தத்தம் இசையை அமைக்கின்றனர். பேச்சொலி இல்லாத படத்தில் அச்சம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை இசையும் தீர்மானிக்கிறது. நிழல் ஏறும்போது முரசு அதிர்ந்தால் ஒருவகை நடுக்கம். எல்லாக் கருவிகளும் ஓய்ந்தால் வேறுவகை.

இப்படம் எஞ்சியதே வியப்புக்குரியது. 'டிராகுலா' நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதாக, நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். பிரதிகள் அனைத்தையும் அழிக்குமாறு ஜெர்மன் நீதிமன்றம் 1925-இல் உத்தரவிட்டது. ஆயினும் சில பிரதிகள் தப்பின.

இந்தியாவிலும் இத்தகைய வழக்கு உண்டு. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி 1933-இல் திருவனந்தபுரத்தில் வெளியான 'மார்த்தாண்ட வர்மா' மௌனப்படம், பதிப்புரிமைச் சிக்கலால் முடங்கியது. பதிப்பாளர் வசமிருந்த பிரதியை, 1974-இல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றது. படத்தை முடக்கிய வழக்கே அதைக் காத்ததும் ஆகும்.

மற்றவற்றுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இந்தியாவில் தயாரான 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில், துண்டுகளாக எஞ்சியவற்றையும் சேர்த்துச் சுமார் முப்பதே இன்று உள்ளன. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' படத்துக்கு ஒரு பிரதிகூட இல்லை. அழிக்குமாறு எந்த நீதிமன்றமும் கூறவில்லை. வெள்ளிக்காகச் சுருள்கள் உருக்கப்பட்டன, தீயில் எரிந்தன, கவனிப்பாரின்றி மட்கின.

எஞ்சியவை மீண்டும் உயிர்பெற முடியும் என்பதற்கு, 1928-இல் இந்தியாவில் படமாக்கப்பட்ட 'ஷிராஸ்' சான்று. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் செப்பனிட்ட அப்படம், அனுஷ்கா சங்கரின் புதிய இசையுடன் 2017-இல் லண்டனிலும், பின்னர் இந்திய நகரங்களிலும் திரையிடப்பட்டது.

ஏறத்தாழ 2,200 படங்களைச் செப்பனிட ரூ.363 கோடி ஒதுக்குவதாக மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், எத்தனை கோடி ஒதுக்கினாலும் இருப்பதைத்தான் செப்பனிட முடியும். தொலைந்த இசைக்கு ஈடாகப் புதிய இசை அமைக்கலாம். தொலைந்த படத்துக்கு ஈடில்லை.