நடை பழகும் பிள்ளை

விராலிமலையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். தாளைக் கொடுத்ததும் மயில் வரைவார்கள், அடுத்து மலைமேல் முருகன் கோயில். தினமும் பார்ப்பவை, அழகாகவே வரும். வீட்டுக்குள் நடப்பதை வரையச் சொன்னால் மட்டும், "அதுல வரைய என்ன சார் இருக்கு?" என்பார்கள். அப்போது ரெம்பிராண்டின் கோட்டோவியம் ஒன்றைக் காட்டுவேன்.

நெதர்லாந்துக்காரரான ரெம்பிராண்ட் 1656 வாக்கில் பழுப்பு மையில் வரைந்தது. அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு குழந்தை நடை பழகுகிறது. ஒருபுறம் அம்மா, மறுபுறம் அக்கா. எதிரே அப்பா குந்தி உட்கார்ந்து கைகளை நீட்டுகிறார். பின்னால் ஒரு பெண் பால் வாளியோடு போகிறாள்.

முகத்தை விடுங்கள், கைகளைப் பாருங்கள். அம்மாவின் பிடி உறுதியானது, பிள்ளை வளர்த்துப் பழகிய கை. அக்காவின் பிடியில் அந்த நிச்சயம் இல்லை. அவள் குனிந்து, தம்பியோ தங்கையோ பயப்படுகிறதா என்று முகத்தைப் பார்க்கிறாள். வாளி தூக்குகிறவள் மறு கையை விலக்கி நீட்டியிருக்கிறாள். வாளி நிறையப் பால் என்பதை அந்தக் கைதான் சொல்கிறது. மையில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. அத்தனையும் சட்சட்டென்று விழுந்த கோடுகள். உலகிலேயே தலைசிறந்த கோட்டோவியம் இதுவாக இருக்கலாம் என்கிறார் ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி. எனக்கும் அதில் மறுப்பில்லை.

ரெம்பிராண்ட் மூன்று குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். 1656இல் கடனில் மூழ்கித் திவாலானவர். இதைக் கேட்டதும் படத்தில் சோகத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். அது தவறான வழி. கோடு காட்டுவதை முதலில் பார்க்க வேண்டும், வரைந்தவர் கதை பிறகு.

வீட்டுக்குள் நடப்பதை இப்படிக் கவனித்து வரைந்தவர் நம்மிடமும் ஒருவர் இருந்தார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஓவியர் இளையராஜா, பாவாடை கட்டிய சிறுமிகளையும் வீட்டு வேலையிலிருக்கும் பெண்களையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவர் படங்களில் வெளிச்சம் எங்கிருந்து வந்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். அவர் எதை நேசித்தார் என்பது விளங்கிவிடும். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையிடம் ஒரு பேனா கொடுங்கள், ரப்பர் வேண்டாம். வீட்டில் யார் எதைத் தூக்குகிறார்கள், யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று வரையச் சொல்லுங்கள். வரைந்த தாளில் தேதி எழுதிப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.